யாங்வு மாதிரிக் கப்பல் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஓர் இளைஞர், தாம் பாதி முடித்திருந்த, யாங்வு என்ற பழைய சீனப் போர்க்கப்பல் மாதிரியின் படங்களை எனக்குக் காட்டினார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை அதிலும் இருந்ததைக் கண்டு மனம் துணுக்குற்றது. பசை வழிவதும் பலகை பிளப்பதும் கை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வேறு படையின் கப்பலைப் பார்த்துச் செய்வது

யாங்வு, ஃபூஜோவுக்கு அருகிலுள்ள மாவெய் தளத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்களின் மேற்பார்வையில் 1872-இல் உருவான மர நீராவிக் கப்பல். சீனாவின் கடற்படைப் பிரிவுகளில் ஒன்றான ஃபுஜியன் படையின் தலைமைக் கப்பலும் அதுவே. ஜெர்மனியில் கட்டப்பட்டு 1885-இல் சீனா வந்த, பெய்யாங் படையின் கப்பலான டிங்யுவானின் இரும்புக் கவசத்தை இதன்மேல் ஏற்றாதீர்கள்.

வற்றத்தை மறப்பது

என்னை இன்றும் வருத்தும் தவறு இதுதான். 1884 ஆகஸ்ட் 23 அன்று மின் ஆற்றில் பிரெஞ்சுப் படைக்கும் ஃபுஜியன் படைக்கும் நடந்த சண்டையை ஒரு காட்சியாக அமைக்க விரும்பிய நான், யாங்வுவின் அணியத்தை, அதாவது முன்முனையை, பிரெஞ்சுக் கப்பல்களை நோக்கித் திருப்பிவைத்து, சுற்றிலும் இறுகி உறையும் செயற்கைப் பிசினான ரெசினை மூன்று அடுக்கு ஊற்றி ஆற்றுநீரை உருவாக்கினேன். அது இறுகிய பிறகே அன்றைய நீரோட்டத்தைப் பற்றி வாசித்தேன்.

நங்கூரம் பாய்ச்சிய கப்பல், நீர் எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசைக்கு அணியத்தைத் திருப்பி நிற்கும். பிரெஞ்சுத் தளபதி கூர்பே இதை நன்கு அறிந்திருந்தார். பிற்பகலில் கடல் ஓதம் இறங்கி, ஆற்றுநீர் கடலை நோக்கி வற்றத் தொடங்கி, ஆற்றின் மேற்புறம் நின்ற யாங்வு முதலான கப்பல்களின் பின்புறம் தம் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, அதன் பின்னரே அவர் தாக்கினார். பக்கவாட்டுப் பீரங்கிகளை எதிரியை நோக்கித் திருப்ப வேண்டுமானால் நங்கூரத்தை எடுத்துக் கப்பலையே திருப்ப வேண்டும். அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஃபுஜியன் படையின் 11 கப்பல்களில் 9 அன்றே அழிந்தன.

'மரம் இரும்பிடம் தோற்றது' என்று எழுதிய பலகையைக் காட்சியின் கீழ் வைக்கும் பழக்கமும் இந்த மறதியிலிருந்தே பிறக்கிறது. கூர்பேயின் தலைமைக் கப்பலான வோல்டாவும் மரத்தால் ஆனதே. கவசக் கப்பலான திரியோம்ஃபான்டின் உடலும் மரமே. மரத்தின் மேல் பழி போட்டுவிட்டால், திடீர்த் தாக்குதலையும் நீரோட்டத்தையும் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

என் காட்சியை ரம்பத்தால் அறுத்தெடுக்க நேர்ந்தது. ரெசினோடு ஒட்டியிருந்த அடிப்பலகைகளும் உடைந்து, நான்கு மாத உழைப்பு வீணாயிற்று. ஆகவே, முதலில் ஓட்டத்தின் திசையைப் பலகையில் பென்சிலால் அம்புக்குறியிட்டு, நங்கூரச் சங்கிலியை அணியத்திலிருந்து ஆற்றின் மேற்புறமாக விறைப்பாகக் கட்டிக் கப்பலை நிலைநிறுத்துங்கள். நீரை அதன் பிறகே ஊற்ற வேண்டும்.

டார்பிடோ

யாங்வுவைத் தாக்கிய பிரெஞ்சு டார்பிடோ படகான 46-ஆம் எண் படகு எதையும் நீருக்குள் ஏவவில்லை. முன்னே நீட்டிய நீண்ட கழியின் முனையில் வெடிமருந்தைக் கட்டிவந்து கப்பலின் உடலில் மோதி அதை வெடிக்கச் செய்தது. ஆகையால் படகு யாங்வுவை ஒட்டியே நிற்க வேண்டும்.

கொடி

யாங்வுவின் கொடி முக்கோண வடிவம். செவ்வக டிராகன் கொடி பின்னாளில் வந்தது.