ஃபாயர்பாக்கைப் படிக்க பள்ளிக்கூட இலக்கணம் போதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி லுத்விக் ஃபாயர்பாக்கைப் பலர் மார்க்ஸ் வழியாகத்தான் கேள்விப்படுகிறோம், மார்க்ஸ் அவரை விமர்சிக்கும் இடத்தோடு நின்றும்விடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். நேராக 1841-இல் வந்த 'கிறித்தவத்தின் சாரம்' நூலை எடுங்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் பரவாயில்லை, நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் 1854-லேயே ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டார். வாக்கியங்கள் கொஞ்சம் நீளம்தான், பழகிவிடும்.

முகவுரையைத் தாண்டிவிட்டு அறிமுக அத்தியாயத்தில் பென்சிலோடு உட்காருங்கள். அவர் செய்வது ஒரே வித்தை: கடவுளைப் பற்றிய வாக்கியத்தில் எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றுவது. யோவான் நிருபத்தில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று வருகிறதே, அதைத் திருப்பினால் 'அன்புதான் தெய்வம்'. அதாவது அன்பு, அறிவு, நீதி எல்லாம் மனித இனத்தின் குணங்கள். மனிதன் அவற்றைத் தன்னிடமிருந்து பிரித்தெடுத்து, வரம்பில்லாமல் பெருக்கி, வெளியே ஒருவராக நிறுத்தி, அப்புறம் அவர் முன்னாலேயே 'நான் ஒன்றுமில்லாத பாவி' என்று மண்டியிடுகிறான். உங்களுக்குத் தெரிந்த ஒரு ஜெபத்தை எடுத்து இதே மாதிரி திருப்பிப் பாருங்கள், அவர் பேசுவது சட்டென்று பிடிபடும்.

'கடவுள் இல்லை என்கிறார், அவ்வளவுதானே' என்று மட்டும் மூடிவைத்துவிடாதீர்கள். அவர் கணக்கில் கடவுளை மறுப்பவன் அசல் நாத்திகன் இல்லை, அன்பையும் நீதியையும் ஒரு பொருட்டாக நினைக்காதவன்தான்.

இரண்டாம் பாகம், இறையியலின் பொய்களைப் பிரிக்கும் பாகம், கொஞ்சம் இழுவை, வேகமாகப் புரட்டலாம். ஆனால் நூலின் கடைசிப் பக்கத்தை விடக்கூடாது. ஞானஸ்நானத்தின் தண்ணீரையும் நற்கருணையின் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துக்கொண்டு, இவையே நமக்குப் புனிதமாக இருக்கட்டும் என்று சொல்லி 'ஆமென்' போட்டு முடிக்கிறார். குறும்புக்கார மனுஷர்!

'மனிதன் எதை உண்கிறானோ அதுவே அவன்' என்ற அவருடைய பிரபல வரியை இந்த நூலில் தேடவேண்டாம். அது 1850-இல் எழுதிய ஒரு மதிப்புரையில் வருவது. ஜெர்மனில் 'இருக்கிறான்', 'உண்கிறான்' இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த சிலேடை.

இதெல்லாம் முடித்தபிறகு மார்க்ஸிடம் வாருங்கள். 1845-இல் ஃபாயர்பாக்கைப் பற்றி அவர் எழுதிவைத்த பதினோரு குறிப்புகளை எங்கெல்ஸ் 1888-இல்தான் அச்சேற்றினார், எல்லாம் சேர்த்தே சில பக்கம். பதினோராவதுதான் புகழ்பெற்றது, நீங்கள் நான்காவதில் நில்லுங்கள்: சொர்க்கம் பூமியின் நிழல், சரி, ஆனால் பூமி எதற்காகத் தன்னையே இரண்டாகப் பிளந்து அப்படியொரு நிழலை மேகத்தில் கட்டவேண்டும்? இந்தக் கேள்வியோடு அறிமுக அத்தியாயத்துக்கு இன்னொரு தரம் போங்கள், முதல் தடவை 'ஆஹா' என்று கோடு போட்ட இடங்கள் சிலவற்றில் இந்தத் தடவை கேள்விக்குறி போடுவீர்கள்.