நாஸ்கார் டிரைவரின் ஏற்ற இறக்கத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 சீசன் முடிந்தபோது ஜோயி லோகானோவின் கணக்கைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயமான (பார்க்கச் சாதாரணக் கார் மாதிரி இருக்கும் ரேஸ் கார்கள் ஓடுவது) நாஸ்காரின் முதல்நிலைத் தொடர் கப் சீரிஸ். அதில் முழுசாக நான்கு சீசன், இரண்டே வெற்றி. அதிலும் முதலாவது, 2009-ல் நியூ ஹாம்ப்ஷயரில், மழை வந்து ரேஸைச் சீக்கிரமே முடித்துவிட்டதால் கிடைத்தது. 18 வயதில் அவரை டோனி ஸ்டூவர்ட் ஓட்டிய காரில் உட்காரவைத்த ஜோ கிப்ஸ் டீம், மாட் கென்செத் என்ற இன்னொரு டிரைவர் கிடைத்ததும் அனுப்பிவிட்டது. பையன் அவ்வளவுதான் என்று பலரும் கைகழுவினார்கள். அந்தப் பையன் 2013-ல் பென்ஸ்கே டீமுக்குப் போனார், 2015-ல் நாஸ்காரின் மிகப் பெரிய ரேஸான டேடோனா 500 ஜெயித்தார், அப்புறம் 2018, 2022, 2024 என்று மூன்று முறை சாம்பியன் ஆனார். 22 வயதுக்காரரை முடிந்துபோனவர் என்று எப்படிச் சொல்ல முடிந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒரு ஸ்டாக் கார் டிரைவர் மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்து நாம் தீர்ப்புச் சொல்லும்போது திரும்பத் திரும்ப ஒரே மாதிரித்தான் தவறு செய்கிறோம். டிரைவர்களும் சில தவறுகளை மாறி மாறிச் செய்கிறார்கள். இரண்டையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, பெரிய தவறு: காரையும் டிரைவரையும் ஒன்றாக எண்ணுவது. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் டீம் மாறினால் பேட்டைக் கையோடு எடுத்துப்போவார், இங்கே டீம் மாறும் டிரைவர் ஹெல்மெட்டோடு கிளம்ப வேண்டியதுதான். கார், எஞ்சின், டயர் மாற்றும் ஆட்கள், க்ரூ சீஃப் எல்லாமே டீமின் சொத்து. இதில் க்ரூ சீஃப்பை நம் ஊரில் பார்க்கிறவர்கள் கண்டுகொள்வதே இல்லை. வளைவில் காரின் மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறதா, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகிறதா என்று டிரைவர் ரேடியோவில் சொல்வார். அதைக் கேட்டு, அடுத்த முறை பிட்டுக்கு (ரேஸின் நடுவே டயர் மாற்றிப் பெட்ரோல் போடும் இடம்) வரும்போது டயரில் எவ்வளவு காற்று, எந்தப் பக்கம் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது, இரண்டு டயரா நான்கு டயரா, எந்த லேப்பில் உள்ளே கூப்பிடுவது என்றெல்லாம் முடிவு செய்வது க்ரூ சீஃப்தான். இந்த இருவரும் ஒருவர் பேசுவதை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை என்றால் உலகத்திலேயே சிறந்த டிரைவரும் 20-ஆம் இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருப்பார். லோகானோ பென்ஸ்கேயில் எழுந்து நின்றதில் டாட் கார்டன் என்ற க்ரூ சீஃப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கு மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியரின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2007-ல் டோவரில் முதல் வெற்றி. அடுத்த வெற்றி எப்போது தெரியுமா? 2013 ஜூனில், சோனோமாவில். நடுவில் 218 ரேஸ் வெறுங்கை. சரி, ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தால், அதே ஆண்டு செப்டம்பரில் ரிச்மண்டில் அவர் டீம் ஒரு காரியம் செய்தது. அவரை சாம்பியன் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுக்குள் நுழைக்க, அதே டீமின் இன்னொரு காரைத் தேவையில்லாமல் பிட்டுக்கு வரச்சொல்லி முடிவைத் திருப்பப் பார்த்தார்கள் என்று நாஸ்கார் முடிவு செய்தது. டீமுக்கு 3 லட்சம் டாலர் அபராதம், புள்ளிகள் வெட்டு, ட்ரூயெக்ஸின் இடமும் பறிபோனது. அவர்மேல் தனியாக யாரும் குற்றம் சொல்லவில்லை, ஆனாலும் அடி விழுந்தது அவருக்குத்தான். நாபா என்ற பெரிய ஸ்பான்சர் விலகியது, ஸ்பான்சர் போனதும் சீட்டும் போனது.

அவர் போய்ச் சேர்ந்த இடம் ஃபர்னிச்சர் ரோ. மற்ற டீம்கள் எல்லாம் வட கரோலினாவில் சார்லட்டைச் சுற்றிக் கூட்டமாக இருக்க, இது மட்டும் டென்வரில் தன்னந்தனியாக ஒரே காரோடு இருந்த டீம். 2014-ல் புள்ளிப் பட்டியலில் 24-ஆம் இடம். அதே ஆண்டு ஆகஸ்டில் அவரோடு வாழ்ந்த ஷெரி போலெக்ஸுக்குக் கருப்பைப் பக்கத்துச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அந்த வருடத்துப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? 2015-ல் கோல் பேர்ன் க்ரூ சீஃப் ஆனார். அதே டிரைவர், அதே டீம், கடைசி நான்கு பேரில் ஒருவராக சாம்பியன் போட்டிவரை வந்தார். 2016 கோகோ கோலா 600-ல் 400 லேப்பில் 392 லேப் முன்னால் ஓடினார். 2017-ல் எட்டு வெற்றியோடு சாம்பியன். இன்னும் முடியவில்லை: 2018-ல் ஸ்பான்சர் விலகியதால் முந்தைய ஆண்டு சாம்பியனான டீமே இழுத்து மூடப்பட்டது! பேர்னையும் கூட்டிக்கொண்டு 2019-ல் ஜோ கிப்ஸ் டீமுக்குப் போய் ஏழு ரேஸ் ஜெயித்தார் ட்ரூயெக்ஸ். பேர்ன் விலகிய மறுவருடம் ஒன்றே ஒன்று. இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மேலேயும் கீழேயும் போனது ட்ரூயெக்ஸின் திறமை மட்டும்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, டேடோனா 500 ஜெயித்துவிட்டாலே பெரிய டிரைவர் என்று நினைப்பது. டேடோனாவிலும் டல்லடேகாவிலும் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, முன்னால் போகும் கார் கிழிக்கும் காற்றில் பின்னால் வருவது இழுபட்டு, 30 கார் ஒரே கூட்டமாகப் போகும். யாராவது ஒருவர் தடுமாறினால் 15, 20 கார் ஒரே நேரத்தில் நொறுங்கும். தப்பித்தவர்களில் சரியான இடத்தில் இருப்பவருக்குக் கோப்பை. டிரெவர் பெய்ன் தன் 20-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், 2011-ல் இந்த ரேஸை ஜெயித்தார். கப் சீரிஸில் அதற்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லை. மைக்கேல் மெக்டவலுக்கு இதே ரேஸ் 2021-ல், 358-ஆவது முயற்சியில் கிடைத்த முதல் வெற்றி. அவர் 2023-ல் இண்டியானாபொலிஸ் ரோடு கோர்ஸில் (இடமும் வலமும் வளைந்து போகும் டிராக்) காற்றின் துணை இல்லாமலே மறுபடி ஜெயித்துக் காட்டினார். டேடோனாவில் ஜெயிக்கத் திறமை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு மனிதரின் பத்து வருடத்தை அந்த ஒரு மதியத்தை வைத்து அளக்காதீர்கள், அவ்வளவுதான்.

பட்ட எண்ணிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. 2011-ல் கார்ல் எட்வர்ட்ஸும் டோனி ஸ்டூவர்ட்டும் சீசன் முடிவில் சரிக்குச் சரி 2403 புள்ளி. ஸ்டூவர்ட்டுக்கு ஐந்து வெற்றி, எட்வர்ட்ஸுக்கு ஒன்று என்பதால் பட்டம் ஸ்டூவர்ட்டுக்குப் போனது. 2014-லிருந்து பல வருடம் கடைசி ஒரே ரேஸில், நான்கு பேருக்குள் யார் முன்னால் வருகிறாரோ அவரே சாம்பியன் என்று வைத்திருந்தார்கள். 36 ரேஸ் ஓடி, கடைசியில் பிட்டில் ஒரு நட்டு சரியாக மாட்டாமல் போனால் வருடமே போச்சு. பட்டம் இல்லாதவர் இரண்டாந்தரம் என்று பேசுவது அநியாயம்.

இனி டிரைவர்கள் தாங்களாகவே தலையில் போட்டுக்கொள்ளும் மண். கர்ட் புஷ் 2004 சாம்பியன், திறமையில் குறை சொல்லவே முடியாதவர். 2005 கடைசியில் போலீஸ்காரரோடு நடந்த ஒரு தகராறுக்குப் பிறகு ரவுஷ் டீம் அவரைக் கடைசி இரண்டு ரேஸில் உட்காரவைத்தது. 2011-ல் ஹோம்ஸ்டெட்டில் தொலைக்காட்சி நிருபரிடம் கத்தியது வீடியோவாகப் பரவி பென்ஸ்கே சீட் போனது. 2012-ல் ஒரு சின்ன டீமில் ஓடும்போது மறுபடியும் நிருபரிடம் எகிற, நாஸ்காரே ஒரு ரேஸ் தடை போட்டது. நாஸ்காரில் டிரைவர் தன் டீமோடு பேசும் ரேடியோவை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் ரசிகர் காதில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு கேட்கலாம். கார் பக்கத்தில் ஸ்பான்சர் பெயரை எழுதிக்கொண்டு அந்த ரேடியோவில் திட்டினால் அது அந்தக் கம்பெனியின் வாயிலிருந்து வந்த மாதிரிதான். ட்ரூயெக்ஸுக்கு முன்னால் அந்த டென்வர் காரை ஓட்டியவர் இதே கர்ட் புஷ்தான். 2013-ல் அதைப் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுக்குக் கொண்டுபோய்த் தன் பெயரைக் கொஞ்சம் மீட்டார், 2017-ல் டேடோனா 500-ஐயும் ஜெயித்தார்.

கைல் லார்சன் செய்ததை இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில், கொரோனாவால் வீட்டிலிருந்து கணினியில் ரேஸ் ஓட்டியபோது மைக்கில் ஓர் இனவெறிச் சொல்லைச் சொன்னார். ஸ்பான்சர்கள் போனார்கள், டீம் இரண்டே நாளில் வேலையை விட்டு எடுத்தது. அது சரியான தண்டனை என்பதுதான் என் கருத்து. அந்த வருடம் முழுக்க மண் டிராக்குகளில் ஸ்பிரிண்ட் கார் ஓட்டிவிட்டு, 2021-ல் ஹெண்ட்ரிக் டீமில் வாய்ப்புக் கிடைத்ததும் பத்து வெற்றியோடு சாம்பியன் ஆனார். எல்லோருக்கும் இப்படி இரண்டாவது கதவு திறக்காது, அதை நம்பி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

தலையில் பட்ட அடியை மறைப்பதுதான் என்னை மிகவும் பயமுறுத்தும் தவறு. டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2012-ல் கான்சாஸில் டயர் சோதனை ஓட்டத்தில் சுவரில் மோதினார். தலை சரியில்லை என்று தெரிந்தும் வெளியே சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். அக்டோபரில் டல்லடேகாவில் இன்னோர் அடி விழுந்தபிறகுதான் டாக்டரிடம் போனார், இரண்டு ரேஸ் போனது. 2016-ல் அறிகுறிகள் திரும்பி வந்தபோது பாதி சீசன், 18 ரேஸ். பார்வை நிலைகொள்ளாமல், நேராக நிற்கவே தடுமாறி, மாதக்கணக்கில் பயிற்சி செய்து மீண்டார். 2017-ஓடு முழுநேரமாக ஓட்டுவதை நிறுத்திவிட்டார். கர்ட் புஷ்ஷும் 2022-ல் போகோனோ தகுதிச் சுற்றில் மோதியபிறகு கப் சீரிஸுக்குத் திரும்பவே இல்லை. காயத்தால் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து 'பயந்துட்டான்' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஃபார்முலா ஒன் பக்கமிருந்து வருகிறவர்களை அவசரப்பட்டு மட்டம்தட்டுவதும் உண்டு. நம்ம நரேன் கார்த்திகேயன் 2010-ல் பிக்கப் டிரக்குகள் ஓடும் நாஸ்கார் டிரக் சீரிஸில் ஓடினார் என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும். முதல் ரேஸ் மார்ட்டின்ஸ்வில், அரை மைலுக்குக் கொஞ்சம் அதிகமான குட்டி டிராக், வண்டியோடு வண்டி உரசாமல் நகரவே முடியாது. அங்கே முதல்முறையே 13-ஆம் இடம். அந்த ஆண்டு அந்த சீரிஸின் ரசிகர்கள் அவரைத்தான் அபிமான டிரைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபார்முலா ஒன்னில் மொனாக்கோவை ஜெயித்த வான் பாப்லோ மொன்டோயாவே கப் சீரிஸில் ஜெயித்தது இரண்டு ரேஸ்தான், இரண்டும் ரோடு கோர்ஸில். 2009 இண்டியானாபொலிஸில் 116 லேப் முன்னால் ஓடியவர் பிட் பாதையில் வேக வரம்பைத் தாண்டியதற்காகத் தண்டிக்கப்பட்டுக் கோப்பையைக் கோட்டைவிட்டார். நாஸ்காரின் முட்டை வடிவ ஓவல் டிராக் அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் பிடிபடாது.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்கிற விஷயம். ரிச்சர்ட் பெட்டி 200-ஆவது வெற்றியை 1984 ஜூலை 4-ல் டேடோனாவில் எடுத்தார், ஓய்வு பெற்றது 1992-ல். நடுவில் வெற்றியே இல்லை. டாரல் வால்ட்ரிப்புக்கும் கடைசி வெற்றி 1992, ஓய்வு 2000. இதை வைத்து அவர்களைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது, பெட்டியைப் பார்க்கவே மைதானத்துக்கு வந்த கூட்டம் உண்டு. ஆனால் சீக்கிரம் நிறுத்துகிறவரைக் கோழை என்பதும் அதே அளவு தவறு. 2016 கடைசி ரேஸில் எட்வர்ட்ஸ் பட்டத்துக்குப் பத்து லேப் தூரத்தில் இருந்தபோது லோகானோவோடு உரசி நொறுங்கினார். காரிலிருந்து இறங்கி நேராக லோகானோவின் பிட்டுக்கு நடந்துபோய், அவருடைய க்ரூ சீஃப் டாட் கார்டனிடம் கைகொடுத்து வாழ்த்திவிட்டுப் போனார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 37 வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே போதும் என்று அறிவித்தார். கப் சீரிஸ் சாம்பியன் பட்டம் ஒன்றுகூட இல்லாத அவரை 2025-ல் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.