கேம் மெஷினில் படம் வரவில்லையா? போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மதுரை தமுக்கம் பொருட்காட்சிக்கு வேனில் குலுங்கி வந்து இறங்கும் கேம் மெஷின்களில் இந்தக் கோளாறு சகஜம். விளக்கெல்லாம் எரியும், திரை மட்டும் கறுப்பாக நிற்கும். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர்தான் என்றால் பதற வேண்டாம்.

முதலில் ஒரு காசு போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரில் சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் ஓடுகிறது; பழுது மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் கார்டு) பக்கம்தான். கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் (எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய போர்டு) செருகியிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

சத்தமே இல்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறதா? பெரும்பாலும் ரேம் (மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி அட்டை) அசைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கிளிப் 'டக்'கென்று விழும்வரை அழுத்துங்கள். நம்ம ஊர்ப் புழுதிக்கு இது ஒன்றே பல மெஷின்களை எழுப்பிவிடும். கிராபிக்ஸ் கார்டையும் இப்படியே கழற்றி மாட்டலாம்.

பழைய டியூப் மானிட்டர் என்றால் இன்னொரு விஷயம். அவற்றில் பல 15 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குச் சுமார் 15,000 கோடு வரையும் வேகத்தில், ஓடுபவை; கம்ப்யூட்டரோ 31 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கும். அதனால் பயாஸ் திரை (கம்ப்யூட்டர் தொடங்கியதும் முதலில் வரும் செட்டிங் திரை) அதில் சரியாகத் தெரியாது. வீட்டு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். டியூபின் பின்பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

பயாஸில் தேதி பழையதாகக் காட்டினால் தேதியையும் செட்டிங்கையும் காக்கும், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றியதும் டிஸ்பிளே செட்டிங்கை மறுபடி சரிபாருங்கள்.