ஒரு பெரிய எழுத்தால் வந்த பிழை

மொரீசியஸ் கரும்புத் தோட்ட மண்ணைப் பற்றிய என் ஆய்வறிக்கையை ஒப்படைப்பதற்கு முந்தின நாள், ஆய்வகத்து அக்கா அட்டவணைகளைப் புரட்டினார். "தம்பி, ஒரு கிலோ மண்ணில் 40 மெகாகிராம் பாஸ்பரசா?" என்றார். நெஞ்சு திக்கென்றது. மில்லிக்குச் சிறிய எம். பெரிய எம் போட்டால் மெகா. வித்தியாசம் 100 கோடி மடங்கு!

நான் சரியாகத்தான் தட்டியிருந்தேன். அட்டவணைக் கட்டத்தின் முதல் எழுத்தை வேர்டு தானாகவே பெரிதாக்கிவிட்டது. தானியங்கித் திருத்தத்தில் அந்த ஒரு டிக்கை எடுத்தேன். ஏற்கெனவே மாறியிருந்த தலைப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன். இரவு வெகுநேரம் ஆயிற்று.

அப்போதுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. கிலோகிராமுக்குப் பின் புள்ளி, பன்மைக்கு எஸ், எண்ணோடு ஒட்டிய அலகு. அலகுகளுக்கு எழுதும் எழுத்துகள் சுருக்கங்கள் அல்ல, குறியீடுகள்; வாக்கியம் முடிந்தாலொழியப் புள்ளி கூடாது, பன்மையும் கிடையாது. எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளி வேண்டும். வரி முடிவில் அலகு பிரிந்து போகாமலிருக்க கண்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கெல்வினுக்குப் பெரிய கே, கிலோவுக்குச் சிறிய கே.

தோட்டக்கார மாமா நிலத்தை ஆர்ப்பான் கணக்கில் சொல்லியிருந்தார். அதைச் சுருக்காமல் முழுச்சொல்லாகவே எழுதி, ஓர் ஆர்ப்பான் சுமார் 0.42 ஹெக்டேர் என்று அந்தச் சொல் முதலில் வரும் இடத்திலேயே குறித்துவிட்டேன்.