பெரிசு, வெள்ளை, பழசு: சீன மூலிகை வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாங்காங்கில் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெரு ஒன்றில் மூலிகைக் கடை. கண்ணாடி ஜாடி நிறைய ஜின்செங், அதன்மேல் ஓர் அட்டை, அட்டையில் 180 என்று ஓர் எண். காட்டி என்னும் அங்குள்ள எடை அலகுக்கு 180 டாலர் போலிருக்கிறது என்று நினைத்து, வந்தவர் கொஞ்சம் கேட்கிறார். கடைக்காரர் எடை போட்டு, மளமளவென்று சீவியும் விடுகிறார். அப்புறம்தான் தெரிகிறது, அந்த 180 ஒரு மேஸுக்கு. ஒரு காட்டிக்கு 16 டேல், ஒரு டேலுக்கு 10 மேஸ். அதாவது நினைத்ததைப் போல 160 மடங்கு விலை. சீவிய வேரைத் திருப்பியும் தர முடியாது. இந்த வித்தைக்காக அங்கே வழக்குகள் நடந்து கடைக்காரர்கள் தண்டனையும் பெற்றிருக்கிறார்கள். வித்தை இன்னும் ஓயவில்லை.

எடை அலகைக் கேட்காமல் விலை பேசுவதுதான் முதல் தவறு. சீனாவின் பெருநிலப்பகுதியில் ஒரு லியாங் 50 கிராம். ஹாங்காங்கில் அதே எழுத்தால் எழுதப்படும் டேல் 37.8 கிராம்தான். 'ஒரு கிராம் என்ன விலை?' என்று கேட்டு, பதில் வந்த பிறகு கத்தியை எடுக்கச் சொன்னால் போதும்.

அடுத்து, பருமனைப் பார்த்து மயங்குவது. யுன்னான் மாகாணத்தின் வென்ஷானில் விளையும், ஜின்செங் இனத்தைச் சேர்ந்த சான்ச்சி வேரைத் 'தலை' கணக்கில் விற்பார்கள். 20 தலை என்றால் 500 கிராமுக்கு இருபது வேர், 80 தலை என்றால் எண்பது. எண் குறையக் குறைய வேர் பெரிசு, விலையும் பெரிசு. நம் ஊரில் கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று கேட்டு இறால் விலை பேசுகிறோமே, அதே கணக்கு. ஆனால் சீன அரசின் மருந்துத் தர நூலான பார்மகோபியா வேரின் பருமனை வைத்து மதிப்பெண் போடுவதில்லை. வேரில் உள்ள சாப்போனின்கள் என்னும் மருந்துச் சத்துகளில் குறிப்பிட்ட மூன்றும் சேர்ந்து 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. அந்தத் தேர்வில் சின்ன வேரும் தேறலாம்.

பழகிய வியாபாரியின் கண் வேறொன்றைத் தேடும். பூக்கும் முன்பே தோண்டிய வேரா, விதை முற்றவிட்டுத் தோண்டியதா? முன்னதற்கு வசந்த சான்ச்சி என்று பெயர். தோண்டுவது என்னவோ இலையுதிர் காலத்தில்தான், பெயர் மட்டும் அப்படி! செடியின் சத்து விதைக்குப் போகாததால் அது கெட்டியாக, கனமாக இருக்கும். விதைக்குப் பிறகு எடுத்தது சுருங்கி லேசாகிவிடும். நல்ல வேரைச் 'செம்புத் தோல், இரும்பு எலும்பு' என்பார்கள். செம்புத் தோல் என்றதும் பளபளப்பைத் தேடிப் போகாதீர்கள். மெழுகு ஏற்றிய வேரும் சந்தையில் உண்டு.

கோஜி பெர்ரிக்கும் எண்ணிக்கைதான் தரம். 50 கிராமில் 280-க்கு மேல் போகாமல் இருந்தால் முதல் தரம். இது பழத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, எப்படி உலர்த்தினார்கள் என்பதைச் சொல்வதில்லை.

நிறத்துக்கு வருவோம். சீன வள்ளிக்கிழங்கான ஷான்யாவ், வெள்ளைப் பியோனி வேர் இவையெல்லாம் கடையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தால் கை தானாக அதன் பக்கம்தான் போகும். பெரும்பாலும் அது கந்தகப் புகையின் வேலை. கந்தகத்தை எரித்து மூட்டம் போட்டால் பூச்சி, பூஞ்சை அண்டாது, ஈரமான வேரும் கறுக்காது. பழைய முறைதான். அளவு மீறும்போதுதான் சிக்கல். பார்மகோபியாவின்படி ஒரு கிலோ மூலிகையில் கந்தக டை ஆக்சைடு எச்சம் 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஷான்யாவ், பியோனி உட்படப் பத்து மூலிகைகளுக்கு மட்டும் 400 வரை சலுகை. மூட்டம் போடாத ஷான்யாவ் லேசான மஞ்சள் சாயலோடு, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கில் புளிப்பு நெடி ஏறினால் மூடி வைத்துவிடுங்கள். அழகான சரக்குக்குக் கூடுதல் காசு கொடுத்து கந்தகத்தை வாங்கி வருகிறோம் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

விலையில் உச்சியில் இருப்பது திபெத் பீடபூமியின் கார்டிசெப்ஸ். மண்ணுக்குள் இருக்கும் கம்பளிப்புழுவைப் பூஞ்சை தின்று, அதன் தலையிலிருந்து குச்சிபோல் முளைக்கிறது. நேபாளத்தில் யார்சாகும்பா, உத்தராகண்டில் கீடா ஜடி என்பார்கள். இங்கே எடைதான் பணம், அதனால் எடை கூட்டும் வழிகளும் அதிகம். உடைந்த துண்டுகளை மூங்கில் சிராயோ மெல்லிய கம்பியோ செருகி ஒட்டுவார்கள், உலோகத் தூள் ஏற்றுவார்கள். வெந்நீரில் ஊறப்போட்டால் ஒட்டு விட்டுப்போகும், தூள் அடியில் தங்கும். புழுவின் உடலில் எட்டு இணைக் கால்கள் இருக்க வேண்டும், நடுவில் உள்ள நான்கு இணை துலக்கமாகத் தெரிய வேண்டும். குச்சி நீளமாக இருந்தால் நல்லது என்று நினைப்பதும் தப்பு. குச்சி வளர வளரப் புழுவின் உடல் கூடாகிவிடும். குட்டைக் குச்சியும் பருத்த உடலுமே உயர்ந்த சரக்கு. அசலாகவே இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். 2016-இல் சீன உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதித்த கார்டிசெப்ஸ் பொருட்களில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருந்தது. சத்துணவுப் பொருட்களுக்கான வரம்பு 1 மில்லிகிராம். இந்த விலைக்கு இதை வாங்க எனக்கு மனம் வராது.

பழசு என்றால் உசத்தி என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. அதற்குக் காரணம் சென்பி என்னும் கமலா ஆரஞ்சுத் தோல். குவாங்டோங்கின் சின்ஹுய் ஊர்ச் சரக்கு குறைந்தது மூன்று ஆண்டு கிடந்தால்தான் அந்தப் பெயருக்கே தகுதி, அதன்பிறகு ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறும். ஏறும் இடத்தில் கைவேலையும் நடக்கும். ஈரத்தில் போட்டோ தேயிலைச் சாயத்தில் நனைத்தோ நிறத்தைக் கறுக்க வைக்கலாம், ஆனால் மணத்தை வரவைக்க முடியாது. பழைய சீன மருத்துவ மரபே 'ஆறு பழையவை' என்று ஆறு சரக்குகளைத்தான் பட்டியலிடுகிறது, சென்பி அதில் ஒன்று. மற்றவற்றுக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய்ப்பசையுள்ள டாங்குய் வேர் நாள்பட்டால் கறுத்துக் கசியும், புழுவும் வைக்கும்.

விலை ஏறியிருக்கிறது, எனவே இந்த வருடச் சரக்கு நல்லது என்று எண்ணுவதும் உண்டு. 2003-இல் சார்ஸ் தொற்றுநோய் பயத்தில், சளி காய்ச்சலுக்குக் குடிக்கும் பான்லான்கென் வேரின் விலை எகிறியது. வேர் மாறவில்லை, பயம்தான் மாறியது. யுன்னானில் 2009, 2010-இல் மழை பொய்த்தபோது சான்ச்சி விலை ஏறத் தொடங்கி 2013 வாக்கில் உச்சம் தொட்டது. அதைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். சான்ச்சி தேற மூன்று வருடம் ஆகும். எல்லா வேரும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தபோது விலை விழுந்தது.

இதுவரை சொன்ன தவறுகளில் காசுதான் போகும். பெயரில் செய்யும் தவறு அப்படியல்ல. குங்குமப்பூவைச் சீனர்கள் 'திபெத் சிவப்புப்பூ' என்பார்கள், அது விளைந்தது திபெத்தில் அல்ல, காஷ்மீரிலிருந்து திபெத் வழியாக வந்ததால் ஒட்டிய பெயர். 'சிவப்புப்பூ' என்று மட்டும் கேட்டால் குசும்பாப்பூ கிடைக்கும், விலை பல மடங்கு குறைவு. நம் நாட்டு மருந்துக் கடையின் பறங்கிப்பட்டைகூட சீனாவிலிருந்து வந்த சரக்குதான், ஸ்மைலாக்ஸ் சைனா. சீன மருந்துக் கடையில் தூஃபூலிங் என்று கிடைப்பது அதன் பங்காளியான ஸ்மைலாக்ஸ் கிளாப்ரா.

1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஓர் எடைக்குறைப்பு மருத்துவமனையின் மாத்திரைகளில் ஃபாங்ஜி என்னும் சீன மூலிகை வேரைச் சேர்த்தார்கள். நினைத்தது ஸ்டெஃபானியா என்ற செடியின் வேரை. வந்து சேர்ந்தது குவாங் ஃபாங்ஜி. அது அரிஸ்டோலோக்கியா, நம் ஆடுதீண்டாப்பாளையின் இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது, சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சீனா 2004-இல் குவாங் ஃபாங்ஜியை அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நீக்கியது.

அதனால் பொடியாகவோ மாத்திரையாகவோ வாங்கும்போது உறையில் செடியின் லத்தீன் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்று அவர் சொன்னால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.