மாட்ரிட்டிலிருந்து ரயிலில் ஒருநாள் பயணம்: திட்டமிடும் முறை

மாட்ரிட்டில் தங்கியிருந்து ஒருநாள் பயணத்துக்குத் திட்டமிடுபவர், எந்த ஊர் என்பதோடு எந்த நிலையம் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும்; தொலேதோவுக்கான அதிவேக ரயில் தெற்கே அதோச்சாவிலிருந்தும், செகோவியாவுக்கானது வடக்கே சமார்த்தினிலிருந்தும் புறப்படுகின்றன. இரண்டுக்கும் பயண நேரம் ஏறத்தாழ அரை மணிதான். ஆனால் செகோவியாவின் அதிவேக ரயில் நிலையம் ஊரைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி, வெட்டவெளியில் இருக்கிறது. அங்கிருந்து ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம் வரை நகரப் பேருந்தில் செல்ல வேண்டியிருப்பதால், திரும்பும்போதும் அந்த நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். தொலேதோவிலோ நிலையத்திலிருந்து நடந்தே அல்காந்தரா பாலத்தைக் கடந்து பழைய நகருக்கு மேடேறிவிடலாம். வண்ணக் கண்ணாடிகளும் ஓடுகளும் பதித்த, 1919இல் திறக்கப்பட்ட அந்த நிலையமே நின்று பார்க்கத்தக்கது.

இத்தடங்களில் இருக்கை எண்ணுடன்தான் பயணச்சீட்டு கிடைக்கும். வார இறுதியில் மாலை ரயில்கள் நிறைந்துவிடக்கூடும் என்பதால், போகவும் வரவும் ஒன்றாகவே முன்பதிவு செய்வது நல்லது. ஏறுமுன் பைகளைச் சோதிப்பார்கள். கடைசி நிமிடத்தில் ஓடிவந்து பயனில்லை.

முன்பதிவே வேண்டாம் என்பவருக்குச் செர்கானியாஸ் எனும் புறநகர் ரயில் இருக்கிறது. அதில் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் பிறந்த அல்காலா தே எனாரெஸுக்கோ, தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற அரான்ஹுவேஸுக்கோ, எல் எஸ்கோரியாலுக்கோ போகலாம். எல் எஸ்கோரியால் மடாலயமும் அரான்ஹுவேஸ் அரண்மனையும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். அந்நாளைத் தொலேதோவுக்கு ஒதுக்கினால், அங்குள்ள பேராலயத்தையாவது நிதானமாகப் பார்க்கலாம்.