சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்: விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவை

சிங்கப்பூர் வேலை என்றதும் பலரும் ஏஜென்ட்டிடம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, "என்னை வேலைக்கு எடுக்கும் கம்பெனி எது?" ஒர்க் பெர்மிட்டுக்குத் தொழிலாளி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூரில் உள்ள முதலாளியோ, அவர் நியமித்த உரிமம் பெற்ற ஏஜென்சியோதான் அங்குள்ள மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் "பெர்மிட் எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

1. உங்களுக்கு உரிய அனுமதி எது?

முக்கியமானவை மூன்று. உயர் சம்பள, நிர்வாக, நிபுணத்துவ வேலைகளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். இடைநிலைத் திறனாளர்களுக்கு எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் இதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மற்றவர்களுக்கு ஒர்க் பெர்மிட். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் வரை தருவார்கள், பிறகு முதலாளி புதுப்பிக்கலாம். இந்தக் கட்டுரை ஒர்க் பெர்மிட்டைப் பற்றியது. வீட்டுப் பணிப்பெண்களுக்கான விதிகள் தனி.

2. அந்த வேலைக்கு இந்தியர்களை எடுக்கலாமா?

பலர் ஏமாறும் இடம் இது. கட்டுமானம், கப்பல் பட்டறை, ப்ராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலைப் பணிகள்) ஆகிய துறைகளில் இந்தியர்களுக்கு ஒர்க் பெர்மிட் உண்டு. உற்பத்தியிலும் சேவைத் துறையிலும் அப்படியில்லை. அமைச்சின் பட்டியலில் உள்ள சில வேலைகளுக்கு மட்டுமே இந்தியர்களை எடுக்கலாம். இந்திய உணவகச் சமையல்காரர் வேலை அவற்றில் ஒன்று. அதற்கும் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தர வேண்டும். ஆகவே "சூப்பர் மார்க்கெட் பில்லிங் வேலை, ஒர்க் பெர்மிட் ரெடி" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் கடந்து போய்விடுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வதும் குற்றமே. தண்டனை தொழிலாளிக்கும் உண்டு.

கட்டுமானத்துக்குப் போகிறவர்களுக்குத் திறன் சான்றிதழ் தேவை. நம் ஊரில் "டெஸ்ட் அடிப்பது" என்று சொல்லும் ஸ்கில் டெஸ்ட் அதற்குத்தான். தேர்வில் தேறியதாலேயே வேலை கிடைத்துவிட்டது என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள். சான்றிதழ் வேறு, வேலை வேறு.

3. ஏஜென்ட்டைச் சோதியுங்கள்

இந்தியாவில் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ரசீது தர வேண்டும். சிங்கப்பூர் ஏஜென்சிக்கும் உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. அந்த ஏஜென்சியின் உரிமத்தை மனிதவள அமைச்சின் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரி, 5,000 வெள்ளி பிணைத்தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவை அவருடைய செலவு. இவற்றை உங்கள் தலையில் கட்டக் கூடாது. வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்குவதும் அங்கே குற்றம்.

4. ஐபிஏ கடிதம்

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் அமைச்சு ஐபிஏ எனப்படும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தைத் தரும். தொழிலாளர்கள் சுருக்கமாக "ஐபி வந்துவிட்டது" என்பார்கள். நீங்கள் புறப்படுவதற்கு முன்பே, உங்களுக்குப் புரியும் மொழியில், இதன் பிரதியை முதலாளி அனுப்பியாக வேண்டும். தமிழில் கேளுங்கள். வெறும் போட்டோவில் முதல் பக்கத்தை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லாப் பக்கங்களும் வேண்டும்.

பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கம்பெனியின் பெயர், வேலையின் பெயர் ஆகியவை ஏஜென்ட் சொன்னதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு சம்பளப் பகுதிக்கு வாருங்கள். இங்கே நிதானம் வேண்டும்.

அடிப்படைச் சம்பளம் (பேசிக்), படிகள், பிடித்தங்கள் என்று அது பிரிந்திருக்கும். "மாதம் 800 வெள்ளி" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். கடிதத்தில் பேசிக் 500, படி 300 என்று இருக்கலாம். கூட்டினால் 800 வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஓவர்டைம் கணக்கு பேசிக்கை மட்டுமே வைத்துப் போடப்படுகிறது: பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தை வாரத்துக்கு 44 மணி நேரத்தால் பெருக்கி வரும் தொகையால் வகுத்து, அதை ஒன்றரை மடங்காக்க வேண்டும். பேசிக் 800 என்றால் ஓவர்டைம் மணிக்குச் சுமார் 6.29 வெள்ளி, பேசிக் 500 என்றால் 3.93 வெள்ளிதான். மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்ப்பவருக்கு இதில் மட்டும் 140 வெள்ளிக்கு மேல் வித்தியாசம் வரும். குடும்பத்துக்கு அனுப்பும் பணம் இந்த வரியில்தான் முடிவாகிறது.

பிடித்தங்கள் என்ற இடத்தில் தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல், அமைச்சுக்கும் தெரிவிக்காமல், இந்தக் கடிதத்தில் உள்ள சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது. அதனால், அங்கே போனதும் வெற்றுத் தாளிலோ புரியாத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

5. கடிதம் உண்மையானதா?

போலி ஐபிஏ தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். அமைச்சின் இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையை நீங்களே பார்க்கலாம். ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். இது முடிந்த பிறகுதான் டிக்கெட், மீதிப் பணம் எல்லாம்.

6. இறங்கிய பிறகு

ஐபிஏ கடிதமே ஒருமுறை நுழைவதற்கான விசாவாகவும் பயன்படும்; அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மருத்துவப் பரிசோதனை, கைரேகை, புகைப்படப் பதிவு எல்லாம் முடிந்து பெர்மிட் அட்டை வரும். பெர்மிட்டின் விவரங்களை எஸ்ஜி ஒர்க் பாஸ் செயலியிலும் பார்க்கலாம்.

பாஸ்போர்ட் உங்களிடமே இருக்க வேண்டும். முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது சட்டவிரோதம். பெர்மிட்டில் உள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வேறிடத்தில் கைக்காசுக்கு வேலை பார்ப்பதும் விதிமீறல்தான்.

மாதாமாதம் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால், வேலை செய்த நேரத்தை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளமும் 14 நாட்களுக்குள் ஓவர்டைம் பணமும் வர வேண்டும். வராவிட்டால், சிங்கப்பூரில் தொழிலாளர்களுக்கு உதவும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை அணுகுங்கள். சம்பளப் புகாரை வேலையில் இருந்தால் 1 ஆண்டுக்குள்ளும், வேலையை விட்டிருந்தால் 6 மாதங்களுக்குள்ளும் பதிவு செய்தாக வேண்டும்.